அந்தரத்தில் பதினைந்து மணி நேரம்

ஆகாய விமானம் ஏன் பறக்கிறது என்பதை 34 வருஷ காலம் கரும்பலகையில் படம் போட்டுப் பிள்ளைகளுக்கு விளக்கியவன் நான். இறக்கைக்குக் கீழே காற்றின் அழுத்தம் அதிகம், மேலே குறைவு, ஆகவே விமானம் எழும்புகிறது என்று அம்புக்குறிகள் வரைந்து காட்டுவேன். "விழுந்து விடாதா, ஸார்?" என்று எந்தப் பையனாவது கேட்டால், "வேகம் இருக்கிற வரையில் விழாது. உட்கார்!" என்று அதட்டி உட்கார வைப்பேன். இப்படிப்பட்ட நான், நாலு வருஷத்துக்கு முன்பு மீனம்பாக்கத்தில் விமானத்தின் வாசல் வரையில் போய், உள்ளே காலெடுத்து வைக்க மாட்டாமல் திரும்பி வந்தேன் என்றால் என் பழைய மாணாக்கர்கள் என்ன நினைப்பார்களோ தெரியாது.

அமெரிக்காவில் ஸான் பிரான்ஸிஸ்கோவுக்குப் பக்கத்தில் எங்கள் பெண் இருக்கிறாள். அவளுக்கு அப்போது பிரசவ சமயம். நானும் என் மனைவியும் பெட்டி படுக்கையெல்லாம் கட்டி, சோதனைகளையெல்லாம் கடந்து, குழாய் போன்ற அந்த நீண்ட நடைபாதையில் சென்று கொண்டிருந்தோம். விமானத்தின் கதவு கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கு அப்பால் மங்கலான வெளிச்சத்தில் வரிசை வரிசையாகத் தலைகள். என் மார்பு படபடவென்று அடித்துக் கொண்டது, உள்ளங்கை இரண்டும் பனிக்கட்டியாயின, மூச்சு முட்டியது. "நான் வரவில்லை, நீ போ" என்று மட்டும் சொன்னேன். என் மனைவி ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக் கொண்டு, அதுவரையில் திருச்சிக்குக் கூடத் தனியாகப் போயறியாதவள், தன்னந்தனியாகப் பாதி உலகத்தைத் தாண்டிப் போனாள்.

ஆறு மாதம் கழித்து அவள் திரும்பி வந்தபோது நெஞ்சு வலி என்றும், இரத்தக் கொதிப்பு என்றும் ஊராருக்கு நான் சொல்லி வைத்திருந்த காரணங்களில் ஒன்றையாவது அவள் மறுக்கவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாயிருந்தது. பேரன் தொலைபேசியின் சின்னத் திரையில் வளர்ந்தான். தவழ்ந்தான், நடந்தான், பேசினான். எல்லாம் உள்ளங்கை அகலக் கண்ணாடிக்குள்ளேதான். அவனுக்கு நான்காவது பிறந்த நாள் வரப் போகிறது என்று தெரிந்ததும், சென்ற புரட்டாசி மாதத்தில் மறுபடியும் சீட்டு வாங்கினோம்.

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்னால் நான் ஒரு வைத்தியரிடம் போனேன். இதற்கென்று வைத்தியரிடம் போவதா என்று வெகு நாள் வெட்கப்பட்டுக் கொண்டிருந்தவன்தான். அவர் சிரிக்கவில்லை. "பயத்தை விரட்டப் பார்க்காதீர்கள், வந்தால் வரட்டும். அது கடல் அலை மாதிரி. பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சிக்கு ஏறும், பிறகு தானாகவே இறங்கும். அன்றைக்கு நீங்கள் அலை உச்சியில் இருந்தபோது திரும்பி ஓடிவிட்டீர்கள். இன்னும் ஐந்து நிமிஷம் நின்றிருந்தால் அது உங்களை விட்டுப் போயிருக்கும்" என்றார். மூச்சை உள்ளே இழுப்பதைக் காட்டிலும் வெளியே விடுவதற்கு அதிக நேரம் எடுத்துக் கொள்ளச் சொன்னார். அப்படிச் செய்தால் இருதயத்தின் வேகம் குறையுமாம். பிராணாயாமம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் தினந்தோறும் செய்து வந்ததன் ஓர் அம்சத்துக்கு நான் பணம் கொடுத்து உபதேசம் வாங்கி வந்தேன்.

வெள்ளிக்கிழமை இரவு. அதே குழாய், அதே கதவு. என் மனைவி இம்முறை எனக்குப் பின்னால் வந்தாள். திரும்பி ஓடினால் அவளைத் தள்ளிக் கொண்டுதான் ஓட வேண்டும் என்ற ஏற்பாடு. வாசலில் நின்று மூன்று தடவை நீளமாக மூச்சு விட்டேன். பின்னாலிருந்த ஒரு வாலிபர், "என்ன தாத்தா, உடம்பு சரியில்லையா?" என்றார். "ஒன்றுமில்லை, தம்பி, இயற்பியல் பாடத்தை ஞாபகப்படுத்திக் கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு வலது காலை உள்ளே வைத்தேன்.

விமானப் பயத்தில் பெரும் பகுதி ஓசைகளைப் பற்றிய பயம் என்பது என் அபிப்பிராயம். வீட்டில் இரவில் ஒரு பாத்திரம் உருண்டால் பூனை என்று தெரிந்து புரண்டு படுக்கிறோம். விமானத்தில் எந்தப் பூனை எந்தப் பாத்திரத்தை உருட்டுகிறது என்று தெரியாததால் நடுங்குகிறோம். தரையை விட்டுக் கிளம்பிய சில விநாடிகளில் காலடியில் 'தடால்' என்று ஒரு சப்தம் கேட்கும். சக்கரங்கள் மடங்கி விமானத்தின் வயிற்றுக்குள் போய்க் கதவு மூடிக் கொள்ளும் சப்தம் அது. அடுத்தாற்போல் இறக்கைப் பக்கத்திலிருந்து ரம்பம் அறுப்பது போன்ற ஒரு கீச்சொலி. கிளம்பும்போது விரித்து வைத்திருந்த மடிப்புத் தகடுகளை உள்ளே இழுத்துக் கொள்கிறார்கள். எல்லாவற்றிலும் பொல்லாதது இதற்கிடையில் வரும் நிசப்தம். அதுவரையில் முழங்கிக் கொண்டிருந்த எஞ்சின் திடீரென்று குரலைத் தாழ்த்தும். விமானம் அப்படியே கீழே அமிழ்வது போலிருக்கும். உண்மையில் அப்போதும் அது ஏறிக் கொண்டேதான் இருக்கிறது. கிளம்புவதற்கு வேண்டிய முழுச் சக்தி ஏறுவதற்கு வேண்டாம் என்பதால் விமானி எஞ்சினைச் சற்றுத் தணிக்கிறார், அவ்வளவுதான். நம் உட்செவியில் மெல்லிய மயிரிழைகளின் மேல் சுண்ணாம்புத் துகள்கள் இருக்கின்றன. வேகம் கூடுவது சற்றுக் குறைந்தாலும் அவை 'விழுகிறோம்' என்று மூளைக்குப் பொய்ச் செய்தி அனுப்பிவிடும். வகுப்பில் இதை நான் சொல்லிக் கொடுத்ததில்லை. பாடப் புத்தகத்தில் இல்லை.

ஜன்னல் வழியாகச் சென்னை நகரத்தின் விளக்குகள் கோலப் பொடியைக் கொட்டியது போல் சாய்ந்து தெரிந்து, கடற்கரை ஓரத்தில் கத்தரித்தாற்போல் நின்று போயின. அதற்கப்பால் வங்காள விரிகுடாவின் இருட்டு. இதே சென்னைக்கு முதல் முதல் சுதேசி விமானத் தபால் வந்த கதை எனக்கு நினைவு வந்தது. 1932-ம் வருஷம் அக்டோபர் 15-ந் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா ஒற்றை எஞ்சின் கொண்ட ஒரு சின்னஞ்சிறு விமானத்தில் கராச்சியிலிருந்து ஆமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் மூட்டையுடன் தாமே ஓட்டி வந்தார். பம்பாயிலிருந்து பல்லாரி வழியாகச் சென்னைக்கு அதைக் கொண்டு வந்தவர் அவருடைய கூட்டாளி நெவில் வின்ஸென்ட். நாடு சுதந்திரம் அடைந்து ஒரு வருஷம் நிரம்புவதற்குள், 1948-ம் வருஷம் ஜூன் 8-ந் தேதி, 'மலபார் பிரின்ஸஸ்' என்ற நம் நாட்டு விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜினீவா வழியாக லண்டனுக்குப் புறப்பட்டது. அந்த நாளில் ஏறினவர்களுக்கு முன் ஸீட்டின் முதுகில் தேசப்படம் கிடையாது. எந்தச் சப்தம் எதற்கு என்று சொல்வாரும் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள். இருந்தும் ஏறினார்கள்.

சிங்கப்பூர் போகும் நாலு மணி நேரத்தில் பாதி தூரம் இடிமேகங்களைச் சுற்றிச் சுற்றிப் போனோம். தூரத்தில் மின்னல்கள் மேகத்துக்குள் விளக்கேற்றி அணைத்த வண்ணம் இருந்தன. எங்கள் வரிசையில் ஓர் இளம் தாய், கைக்குழந்தையுடன். விமானம் இறங்கத் தொடங்கியதும் குழந்தை வீறிட்டு அழுதது. அவள் அதன் வாயிலிருந்த பால் புட்டியை எடுத்துவிட்டுத் தோளில் போட்டுத் தட்டினாள். என் மனைவி எட்டி, "அம்மா, புட்டியை எடுக்காதே, கொடு. காது அடைத்துக் கொண்டிருக்கிறது, குழந்தை விழுங்க விழுங்கத் திறந்து கொள்ளும்" என்றாள். சற்று நேரத்தில் அழுகை ஓய்ந்தது. இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் ஏறுகிறது. காதுக்கும் தொண்டைக்கும் இடையிலுள்ள நுண்குழாய் திறந்து கொடுத்தால்தான் உள்ளும் புறமும் சமமாகும். எச்சில் விழுங்கினாலும் கொட்டாவி விட்டாலும் அது திறக்கும். இதை நான் சொல்லியிருந்தால் பாயில் விதியில் ஆரம்பித்திருப்பேன். குழந்தை ஸான் பிரான்ஸிஸ்கோ வரையில் அழுதிருக்கும்.

சிங்கப்பூரில் தமிழ் நாலு ஆட்சி மொழிகளில் ஒன்று. விமான நிலையத்துக்குள் பட்டாம்பூச்சிகளுக்கென்று ஒரு தோட்டமே வைத்திருக்கிறார்கள். விடியற்காலை நேரம்; பூச்சிகள் இன்னும் சோம்பல் முறித்துக் கொண்டிருந்தன. அடுத்த விமானத்துக்கு மூன்று மணி நேரம் இருந்தது. நீண்ட பிரயாணம் செய்கிறவர்களுக்கு நடுவில் இப்படி மூன்று மணி நேரம் கிடைப்பது ஒரு பாக்கியம். அரை மணியில் அடுத்த விமானத்தைப் பிடிக்க ஓடுகிறவர்களின் முகத்தைப் பார்த்தால், ஆகாயத்தில் வரும் கவலையைக் காட்டிலும் தரையில் வரும் கவலையே பெரிது என்று தோன்றும். நாங்கள் பல் துலக்கி, முகம் கழுவி, காலாற ஒரு மைல் நடந்தோம்.

காலை ஒன்பதரை மணிக்கு மறுபடியும் ஏறினோம். இதுதான் பெரிய சவாரி. சுமார் 13,600 கிலோமீட்டர்; 15 மணி நேரம்; நடுவில் எங்கும் நிற்காது. முன் ஸீட்டின் முதுகிலுள்ள சிறு திரையில் எங்கள் பாதை வில் போல் வளைந்து தெரிந்தது. தென் சீனக் கடலின் மேல் சென்று, ஜப்பானை ஒட்டி, வடபசிபிக் சமுத்திரத்தின் தலைப் பக்கமாகப் போகிறது. "நேராகப் போகாமல் எதற்கு இப்படிச் சுற்றுகிறான்?" என்று மனைவி கேட்டாள். பூகோள உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அதுதான் நேர்வழி. தட்டையான படத்தில்தான் வளைவாகத் தெரிகிறது. இந்த ஒரு கேள்விக்காவது நான் பதில் சொன்னேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் திருப்தி.

ஜப்பான் பக்கத்தில் குலுக்கல் தொடங்கியது. பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஆறு போல் ஓடும் வேகமான காற்று ஒன்று உண்டு. கிழக்கே போகிறவர்களுக்கு அது துணை. அதன் கரையோரங்களில் சுழிப்பும் உண்டு. மேகமே இல்லாத வெறும் வானத்தில் மாட்டு வண்டி பள்ளத்தில் இறங்குவது போல் விமானம் இறங்கி ஏறியது. ஜன்னலுக்கு வெளியே இறக்கையின் நுனி மேலும் கீழும் அசைந்தது. அசைவதைக் கண்டு நான் கலங்கவில்லை. அசையாமல் விறைத்து நின்றால்தான் ஆபத்து. வாழ்நாளில் எதிர்பார்க்கக் கூடிய மிகப் பெரிய பளுவைப் போல் ஒன்றரை மடங்கு பளுவை இறக்கைகள் தாங்குமா என்று தரையில் வைத்து வளைத்துப் பார்த்த பிறகுதான் அந்த மாதிரி விமானத்தைப் பறக்க விடுகிறார்கள். ஆகவே விமானத்துக்கு ஒன்றும் ஆகாது. நமக்கு ஆகலாம். 2024-ம் வருஷம் மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன ஒரு விமானம் பர்மாவின் மேல் திடீரென்று குலுங்கியதில், கச்சை கட்டாதவர்கள் கூரையில் போய் மோதினார்கள். பலருக்குப் படுகாயம், ஒரு பிரயாணி இறந்தே போனார். விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும், உட்கார்ந்திருக்கிற வரையில் இடுப்புக் கச்சையைக் கட்டியே வைத்திருப்பது என்று நாங்கள் தீர்மானம் செய்து கொண்டது இதனால்தான். குலுக்கல் அதிகம் ஆகாதவர்கள் இறக்கைக்கு நேராக இடம் கேட்டு வாங்குவது நல்லது. வால் பக்கத்தில் ஆட்டம் அதிகம்.

குலுக்கலுக்கு நடுவில் நான் நினைத்துக் கொண்டது வேறொரு விமானத்தை. 1982-ம் வருஷம் ஜூன் 24-ந் தேதி இரவு, லண்டனிலிருந்து பம்பாய், சென்னை, கோலாலம்பூர் வழியாக ஆஸ்திரேலியாவுக்கும் நியூஸிலாந்துக்கும் போகும் ஒரு பெரிய பிரிட்டிஷ் விமானம் ஜாவாத் தீவின் அருகே பறந்து கொண்டிருந்தது. கலுங்குங் என்ற எரிமலை கக்கிய சாம்பல் மேகம் இருட்டில் கண்ணுக்குத் தெரியவில்லை. விமானம் அதற்குள் புகுந்தது. நாலு எஞ்சின்களும் ஒன்றன் பின் ஒன்றாக நின்று போயின. எரிக் மூடி என்ற தலைமை விமானி பிரயாணிகளிடம் என்ன சொன்னார் தெரியுமா? சின்னச் சங்கடம் ஒன்று நேர்ந்திருக்கிறது, நாலு எஞ்சினும் நின்றுவிட்டன, மறுபடி ஓட்டுவதற்கு எங்களால் ஆனதைச் செய்கிறோம், நீங்கள் ரொம்பவும் சிரமப்படவில்லை என்று நம்புகிறேன் என்ற பொருள்பட, காபி ஆறிப் போனதற்கு மன்னிப்புக் கேட்கும் குரலில் அறிவித்தாராம். எஞ்சின் இல்லாமலே பருந்தைப் போல் மிதந்து இறங்கியது அந்த விமானம். அத்தனை பெரிய விமானமும் ஒரு கிலோமீட்டர் கீழே இறங்குவதற்குள் பதினைந்து கிலோமீட்டர் முன்னே போகும். சாம்பலுக்குக் கீழே வந்ததும் எஞ்சின்கள் மறுபடி உயிர் பெற்றன. முன் கண்ணாடி சாம்பல் உரசி மங்கிப் போயிருந்தது. அதனோடேயே ஜாகர்த்தாவில் இறக்கினார். 250-க்கும் மேற்பட்டவர்களில் ஒருவருக்கும் உயிர்ச் சேதமில்லை. "வேகம் இருக்கிற வரையில் விழாது. உட்கார்!" என்று அந்தப் பையனை நான் அதட்டியது சரிதான்.

இனிச் சாப்பாட்டுக் கதை. அன்று புரட்டாசிச் சனிக்கிழமை. என் மனைவி ஒருபொழுது. சீட்டு வாங்கிக் கொடுத்த ஏஜெண்டு, "சைவந்தானே, ஸார்? இந்து உணவு என்று போட்டுவிட்டேன்" என்று பெருமையாகச் சொல்லியிருந்தார். தட்டைத் திறந்தால் கோழிக் குழம்பு! விமானக் கம்பெனிகளின் அகராதியில் 'இந்து உணவு' என்றால் மாட்டிறைச்சி இல்லாத உணவு என்று அர்த்தமாம். ஆடும் கோழியும் மீனும் அதில் தாராளமாக வரலாம். நம் வீட்டுச் சமையலுக்கு 'ஆசிய சைவ உணவு' என்று குறித்துச் சொல்ல வேண்டும். எனக்கு வந்த கோபத்தில் பயம் போன இடம் தெரியவில்லை. பணிப்பெண்ணைக் கூப்பிட மணியை அழுத்தப் போனேன். மனைவி என் கையைப் பிடித்துக் கொண்டாள். "அந்தப் பெண் என்ன செய்வாள், பாவம்? நானூறு மைல் சுற்றளவுக்குக் கடைத்தெருவா இருக்கிறது?" என்று சொல்லித் தன் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தாள். புளியோதரை. ஊறுகாயும் கொண்டு வந்திருந்தாள். 100 மில்லிக்கு மேற்பட்ட குழம்பு வகையறாவைக் கைப்பையில் விடமாட்டோம் என்று மீனம்பாக்கத்திலேயே பிடுங்கிக் கொண்டார்கள். கட்டிச் சாதத்துக்குத் தடையில்லை.

உயரத்தில் நாக்கும் சற்று மந்தப்பட்டுப் போகிறது. உள்ளேயுள்ள காற்று பாலைவனத்துக் காற்றைப் போல் வறண்டது. எஞ்சின் இரைச்சல் வேறு. உப்பும் இனிப்பும் உறைப்பதில்லை. தரையில் தக்காளிச் சாற்றைத் திரும்பிப் பாராதவர்கள் ஆகாயத்தில் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள். நம் புளியோதரை இந்தச் சோதனையில் தேறிவிட்டது என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

வேறொரு சிக்கல் பிறகு வந்தது. கிழக்கு நோக்கிச் சூரியனுக்கு எதிராகப் போகிறோமல்லவா? ஐந்தாறு மணி நேரத்துக்குள் பகல் முடிந்து இருட்டிவிட்டது. நடுச் சமுத்திரத்தில் தேதிக்கோட்டைத் தாண்டினோம். போய் இறங்கும்போது அங்கே மறுபடியும் அதே சனிக்கிழமை காலை ஒன்பது மணி! "அப்படியானால் என் ஒருபொழுது இதோடு முடிந்ததா, அங்கே போய் மறுபடியும் உண்டா?" என்று கேட்டாள். இதற்குப் பஞ்சாங்கத்திலும் பதில் இல்லை, இயற்பியலிலும் இல்லை.

விளக்குகளை அணைத்தார்கள். எல்லாரும் தூங்கினார்கள். நடுநிசியோ என்னவோ, அந்தரத்தில் நடுநிசி ஏது, திடீரென்று எனக்கு விழிப்புக் கொடுத்தது. கூரை தலைக்குமேல் ஒரு முழத்தில். கீழே பத்துக் கிலோமீட்டர் வெறும் காற்று. அதற்குக் கீழே பசிபிக் சமுத்திரம். வந்துவிட்டது அலை. மார்பு அடித்துக் கொண்டது. எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. ஓட இடமில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டேன். மூச்சை எண்ணி விட்டேன். உதகமண்டலம் 7,300 அடி உயரத்துக்கு மேல் இருக்கிறது. இந்த விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய அவ்வளவுதான். நான் உதகையில் ஒரு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், வெளியே இருட்டு, அவ்வளவுதான் என்று சொல்லிக் கொண்டேன். மூன்றாவது நிமிஷம், நாலாவது நிமிஷம். ஏழாவது நிமிஷத்தில் நாக்கு உலர்ந்து போயிற்று. ஒன்பதாவது நிமிஷத்தில், மழை விட்டதைச் சற்றுத் தாமதமாக உணர்கிறோமே, அதுபோல், கை நடுக்கம் நின்றிருப்பதைக் கவனித்தேன்.

எழுந்து பின்பக்கம் நடந்தேன். பல மணி நேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தால் பாதம் வீங்கும். சிலருக்குக் காலில் இரத்தம் உறைந்து விபரீதமாகவும் முடியும். மணிக்கு ஒரு தடவையாவது எழுந்து நடக்க வேண்டும், தண்ணீர் குடித்துக் கொண்டேயிருக்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். பின்கோடியில் சமையலறைத் திரையருகே என் வயதுள்ள ஒரு சீனப் பெரியவர் சுவரைப் பிடித்துக் கொண்டு குதிகாலை ஏற்றி இறக்கிக் கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்குச் சீனம் தெரியாது. இருவருக்கும் ஆங்கிலத்தில் விருப்பமில்லை. அவர் ஒருமுறை குதிகாலை ஏற்றி என்னைப் பார்த்தார். நானும் ஏற்றினேன். இருபது தடவை ஏற்றி இறக்கினோம். பிறகு அவர் முன்னால், நான் பின்னால், தூங்குகிறவர்களின் நடுவே மெல்ல ஒரு பிரதட்சிணம் செய்து வந்தோம். பணிப்பெண் இரண்டு கிண்ணங்களில் தண்ணீர் கொடுத்தாள். அவர் தம் கிண்ணத்தை என் கிண்ணத்தில் தட்டிவிட்டுக் குடித்தார். அந்த இரவில் மூன்று தடவை இப்படிச் சந்தித்தோம்.

ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஓடுபாதைகள் விரிகுடாவின் தண்ணீருக்குள் நீட்டிக் கொண்டிருக்கின்றன. இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. இறங்க இறங்க ஜன்னலில் தண்ணீர்தான் தெரிகிறது. அலைகள் தெரிந்தன, அலைகளின் மேல் உட்கார்ந்திருந்த பறவைகள் தெரிந்தன, இன்னும் தண்ணீர்தான். நான் என் மனைவியின் கையைப் பற்றினேன். "பயப்படாதீர்கள், போன தடவையும் இப்படித்தான். கடைசி நிமிஷத்தில் எங்கிருந்தோ தரை வந்துவிடும்" என்றாள். வந்துவிட்டது.

வெளியே கம்பித் தடுப்புக்கு அப்பால் பெண் நின்றாள். அவள் காலைக் கட்டிக் கொண்டு பேரன். தொலைபேசித் திரையில் கண்டதைவிடப் பெரியவனாகவும், கொஞ்சம் கறுப்பாகவும் இருந்தான். என்னை மேலும் கீழும் பார்த்தான். "தாத்தாவுக்குக் கால் இருக்கு!" என்றான் தன் தாயிடம். அதுவரையில் அவன் என்னை மார்பு வரையில்தான் பார்த்திருக்கிறான்.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கே கண்கள் சொருகின. விடியற்காலை இரண்டு மணிக்கு விழித்துக் கொண்டோம். உள்ளே ஓடும் கடிகாரம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரந்தான் திருத்திக் கொள்ளுமாம். கிழக்கே வந்தால் இன்னும் மெதுவாம். பகலில் வெயிலில் நடக்க வேண்டும் என்றார்கள். பேரனோடு நடந்தோம். திரும்பும்போது காற்று எதிர்க்காற்று; இரண்டு மணி நேரம் அதிகம் ஆகும் என்று கேள்வி. ஏஜெண்டுக்கு என் மனைவி இப்போதே எழுதிவிட்டாள். ஆசிய சைவ உணவு, இறக்கைக்கு நேராக இரண்டு இடம், அதில் ஒன்று நடைபாதை ஓரமாக.